ஈரல் எண்ணெய் குடித்த எஞ்சின்

பொன்னுரங்கம் எதைப் பார்த்தாலும் முதலில் உதட்டைப் பிதுக்குவான். அப்புறம்தான் அது என்னவென்று பார்ப்பான். காசிமேட்டுக் குப்பத்தில் பிறந்து, தவழுகிற வயசிலேயே கட்டுமரத்தில் ஏறி உட்கார்ந்தவன், அந்தக் கட்டுமரத்தைக் கண்டாலே முகத்தைச் சுளித்தான். "நாலு கட்டைய கயித்தால கட்டி மேல குந்திகினு போறதுக்குப் பேரு தொழிலா? பொணங்கூடத்தான் அப்டி மெதக்குது" என்பான். பாய் கட்டுகிறவர்களைப் பார்த்தால், "பொடவய விரிச்சிக் காத்துக்கிட்ட பிச்ச எடுக்குறானுங்க" என்பான். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின பஸ்கள் பாலத்தில் ஏற முடியாமல் முக்கி நிற்க, ஜனங்கள் இறங்கித் தள்ளின கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் அந்த பஸ்ஸில் ஒரு தடவைகூட ஏறினதில்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவு இளக்காரம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு எண்ணெய்க் குவளையிலிருந்து வந்தது. யுத்தத்தின்போது துறைமுகத்து இழுவைப் படகு ஒன்றில் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. எஞ்சினை ஓட்டுகிற வேலை இல்லை. ஓட்டுகிறவன் காட்டின இடத்தில் எண்ணெய் விடுகிற வேலை. அதற்கே ஐயா தன்னை எஞ்சினோடு கூடப் பிறந்தவராக நினைத்துக்கொண்டார். யுத்தம் முடிந்து வேலை போனதும் காக்கி அரை நிஜாரோடு குப்பத்துக்குத் திரும்பினார். எல்லோரும் கோவணத்தோடு கடலுக்குப் போகையில் இவர் மட்டும் நிஜாரோடு கட்டுமரத்தில் போனார். நனைந்த நிஜார் தொடையை அறுத்தது. அதற்கும் கட்டுமரத்தைத்தான் திட்டினார்.

அவனுடைய மனைவி மங்கை மீன் கூடை தூக்குகிறவள். வாயில் அவளை மிஞ்ச ராயபுரத்திலேயே ஆள் கிடையாது. அவள்தான் அவனைச் சரியாக எடை போட்டு வைத்திருந்தாள். "எங்க ஆளு பெரிய ஆளு. கப்பல்ல எண்ணெ ஊத்துனாரு. வூட்ல வெளக்குக்கு ஊத்த எண்ணெ இல்ல" என்று தெருவே கேட்கச் சொல்வாள். அவன் காதில் விழாத மாதிரி நிஜாரை உதறுவான்.

இப்படியே போயிருந்தால் குப்பத்தில் ஒரு வாய்ச்சவடால் பேர்வழி என்பதோடு அவன் கதை முடிந்திருக்கும். கெட்ட நேரம், டோல்கேட் பக்கம் எண்ணெய் மில் வைத்திருந்த அய்யாத்துரை, பட்டாளத்தார் கழித்துப் போட்ட சாமான்களை ஏலத்தில் மொத்தமாக எடுத்தார். கூடாரத் துணி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றோடும் ஒரு மரப் படகும் அதற்குள் ஒரு எஞ்சினும் வந்து சேர்ந்தன. அய்யாத்துரை தூத்துக்குடிப் பக்கத்து மனுஷர், வியாபாரத்தில் கெட்டி. ஆனாலும் மில்லில் ஏற்கெனவே நல்ல எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால், இந்தப் படகு எஞ்சினை என்ன செய்வதென்று அவருக்கே விளங்கவில்லை. தினமும் மில் வாசலில் போய் நின்று அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனார்.

"என்னவே, மாட்டச் சந்தையில பல்லப் பாக்க மாரி தெனமும் வந்து பாக்கீரு? கொண்டு போயி ஓட்டும். ஓடுச்சுன்னா பெறவு பேசிக்கிடுவோம். ஓடலேன்னா எஞ்சினக் கழத்தி இங்கனயே கொண்டாந்து வச்சிரணும்" என்றார்.

"ஓடாம இன்னா நைனா, பறக்கும்" என்றான் பொன்னுரங்கம்.

குப்பத்தார் மணலில் படகைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் அவர்களைப் பார்த்துச் சிரித்தான். எஞ்சின் மட்டும்தான் சிரிக்கவில்லை, அதற்குக் குடிக்க ஒன்றும் இல்லை. டீசல் பர்மிட்டுக்கு ஆபீஸுக்குப் போனான். எந்தக் கம்பெனி என்று குமாஸ்தா கேட்க, "காசிமேடு" என்றான் நெஞ்சை நிமிர்த்தி. குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மண்ணெண்ணெயோ ரேஷன் கார்டுக்கு அளந்து ஊற்றுகிற சமாச்சாரம். அதில் கை வைத்தால் மங்கை கையை ஒடிப்பாள். கடலை எண்ணெய் கேட்டு மில்லுக்குப் போனான். "திங்கிற எண்ணெயக் கடல்ல கொண்டு ஊத்தவா? ஓடும்வே!" என்று அய்யாத்துரை விரட்டினார். புங்க எண்ணெய் கொஞ்சம் கிடைத்தது. எஞ்சின் அதைக் குடித்து, கஷாயம் குடித்த பிள்ளை மாதிரி கக்கி, கறுப்புப் புகை விட்டுப் படுத்துக்கொண்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது எந்த எண்ணெயையும் குடிக்கிற ஜாதி எஞ்சின்தான். அதன் இரும்புத் தலையை ஊதுவிளக்கால் செக்கச் சிவக்கச் சூடாக்கிவிட்டால், எரியக்கூடிய எதை ஊற்றினாலும் ஓடும். அதற்குத் தோதான எண்ணெய் குப்பத்திலேயே கிடந்தது. சுறா ஈரலை மருந்து செய்கிறவர்கள் வாங்கிப் போவார்கள். திருக்கை ஈரலை யாரும் சீந்துவதில்லை. மணலில் எறிந்தால் நாய் தின்னும். பொன்னுரங்கம் அதையெல்லாம் பொறுக்கினான். மங்கை பெரிய பானையில் போட்டுக் காய்ச்சி, பழைய புடவையில் வடிகட்டினாள். வடிகட்டினாள் என்று பேர். ஈரல் துணுக்குகள் பாதி அதிலேயே மிதந்தன.

அந்த நாற்றத்தைப் பற்றி என்ன சொல்ல? மீனிலேயே பிறந்து மீனிலேயே வளர்ந்த ஜனங்கள் மூக்கைப் பொத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மங்கை டிராமில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிட்டான். மார்க்கெட்டில் அவள் பக்கத்தில் கடை போட்டிருந்த முத்தம்மா இடம் மாறிக்கொண்டாள். "ஊர்ல அவளவளுக்குப் புருசன் பூ வாங்கினு வர்றான். எனக்கு வந்து வாச்சது ஈரல் பொறுக்கினு வருது" என்று மங்கை திட்டிக்கொண்டே காய்ச்சினாள். ஆனால் காய்ச்சினாள். அதை அவன் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

எஞ்சின் ஓடியது! மணலில் வைத்தே ஓட்டிக் காட்டினான். டுப் டுப் டுப் என்று குப்பமே அதிர்ந்தது. வறுத்த மீன் கருகுகிற வாடையோடு புகை கிளம்ப, எங்கெங்கிருந்தோ காக்கைகள் வந்து படகைச் சுற்றிக் கரைந்தன. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொன்னுரங்கம் அதையும் மெடல் மாதிரி குத்திக்கொண்டான். "பாத்துக்க! காக்காக்குத் தெரியுது எஞ்சினோட அருமை. உங்களுக்குத் தெரில."

ஓடினால் போதுமா? படகைக் கடலில் தள்ளவும், திரும்பி வந்தால் அலையிலிருந்து மணலுக்கு இழுத்து ஏற்றவும் நிறையத் தோள் வேண்டும். தோள் கொடுத்தவனுக்கு ஒரு கை மீன். அதுதான் கரை வழக்கம். தோள் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவர் குப்பத்துப் பெரியதனம் குமாரவேல். அவர் பெரிய மனுஷர். அதாவது, எந்த முடிவையும் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் சொல்வார்.

"எஞ்சின் சத்தத்துக்கு மீன் ஓடிப்பூடும்னு எல்லாரும் பயந்துகினு கீறாங்கோ" என்றார் குமாரவேல். "ஒரு தபா போய்க் காட்டு. யாருக்கும் நஷ்டமில்லாம வந்தீன்னா கரைல எடம். நஷ்டம்னு ஒருத்தன் சொன்னாலும், இந்தப் படகுக்கு இந்தக் கரைல ஒரு ஆளு கைய வைக்க மாட்டான். இன்னா சொல்ற?"

"உங்க மீனுக்கு நான் வர்றது கேக்குறதுக்குள்ள நான் புடிச்சிகினு வந்துடுவேன்" என்றான் பொன்னுரங்கம். சரி என்று இரண்டே எழுத்தில் சொல்லியிருக்கலாம். அவனால் ஆகாது.

அவன் புறப்பட்ட நாள், குப்பத்துக்கு நல்ல நாள் இல்லை. புயல் மழையில் யாரும் கடலுக்குப் போகாமல், அடுப்பில் பூனை படுத்திருந்த சமயம். மழை விட்ட அன்று காலை, எண்ணூர்ப் பக்கம் கானாங்கத்தை மீன் கூட்டம் தெரிகிறதென்று சேதி வந்தது. குப்பத்துக் கட்டுமரம் மொத்தமும் பாயை விரித்துக்கொண்டு வடக்கே புறப்பட்டது. பொன்னுரங்கமும் கிளம்பினான். கூடப் போக ஒருத்தரும் வரவில்லை. மங்கையின் தம்பி கருணாகரன் மட்டும் அக்காளின் ஏச்சுக்குப் பயந்து ஏறினான்.

டுப் டுப் என்று கட்டுமரங்களைத் தாண்டுகையில் பொன்னுரங்கம் எழுந்து நின்றான். "இன்னா நைனா, காத்து குடுத்துதா பிச்ச?" என்று குமாரவேலைப் பார்த்துக் கத்தினான். அவர் இருமினார். பொன்னுரங்கம் எண்ணூருக்குப் போகவில்லை. எல்லோரும் போகிற இடத்துக்குப் போனால் எஞ்சினுக்கு என்ன மரியாதை? கிழக்கே, ஆழத்துக்குத் திருப்பினான்.

அங்கே மீனும் இல்லை, மண்ணும் இல்லை. எஞ்சின் குலுக்கிய குலுக்கலில் எண்ணெய் டின்னின் ஈயம் பற்றவைத்த ஓரம் விட்டுப்போய், ஈரல் எண்ணெய் படகுக்குள் ஒழுக ஆரம்பித்தது. அடியில் தேங்கின தண்ணீரோடு அதையும் சேர்த்துக் கருணாகரன் வாரி வாரிக் கடலில் ஊற்றினான். படகுக்குப் பின்னால் கடல் எண்ணெய் பூத்துப் பளபளவென்று விரிந்தது. துணுக்குகளைப் பொறுக்க முதலில் ஒரு கடற்காக்கை வந்தது. கொஞ்ச நேரத்தில் வானம் தெரியவில்லை. கடற்காக்கையும் ஆலாவும் பருந்தும் கூச்சலிட்டுக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தன.

கடலில் எண்ணெய் பூத்து, மேலே பறவை விழுந்தால், கீழே மீன் கூட்டம். கடல் தொழிலில் இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தூரத்தில் கட்டுமரங்களின் பாய்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"மாமா, ஒழுவுறதப் பாத்து மீனுன்னு நெனச்சி வந்துகினு கீறானுங்க" என்றான் கருணாகரன் பதறிப்போய். "கையக் காட்டு, வராதன்னு சொல்லு. எண்ணூர்ல மீன் கீது மாமா, வுட்டுட்டு வர்றானுங்க. பசங்க பட்டினி."

பொன்னுரங்கத்துக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டுப் பார்த்தான். முன்னால் வந்தது குமாரவேலின் ஒட்டுப்போட்ட பாய். அதற்குப் பின்னால் அவனைப் பார்த்துச் சிரித்தவன், மூக்கைப் பொத்தினவன், நிஜாரைக் கேலி பண்ணினவன் எல்லோரும். மொத்தக் குப்பமும் அவன் எஞ்சினைப் பின்தொடர்ந்து, அடித்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பும் போட்டு வந்துகொண்டிருந்தது. பிறந்த நாள் முதல் அவன் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கையைத் தூக்கினான். வராதே என்று ஆட்டியிருக்கலாம். வா, வா என்று ஆட்டினான்.

வந்தார்கள். போட்டி போட்டுக்கொண்டு வலையை வீசினார்கள். இழுத்தால் எண்ணெயும் ஈரல் சக்கையும்தான் வந்தன. குமாரவேலின் வலை படகுக்கு அடியில் சுழன்ற எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டு கிழிந்தது; எஞ்சினும் விக்கி நின்றது. பொன்னுரங்கம் கழட்டுகிறான், மாட்டுகிறான், தலையைச் சூடாக்குகிறான், ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் காற்று திரும்பிவிட்டது. இனிமேல் எண்ணூருக்கு யார் போவது? கடைசியில் எஞ்சின் படகைக் கயிற்றில் கட்டி, கட்டுமரங்கள்தான் துடுப்புப் போட்டு இழுத்து வந்தன. நாலு கட்டையைக் கட்டினது இழுக்க, எஞ்சின் பின்னால் ஆடி ஆடி வந்தது. நிஜார்க்காரன் குனிந்த தலை நிமிரவில்லை.

கரையில் பெண்கள் வெறும் கூடையோடு நின்றார்கள். மங்கையும் நின்றாள். அன்றைக்கு எண்ணூர்க்காரர்கள் வலை தாங்காமல் மீன் பிடித்தார்கள் என்ற சேதி மறுநாள் காலையில் வந்து, எரிகிற வயிற்றில் இன்னும் எண்ணெய் ஊற்றியது.

பஞ்சாயத்து அம்மன் கோயில் முன்னால் கூடியது. குப்பமே கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் குமாரவேலுக்கு ஒரு சங்கடம். பறவை ஏமாற்றினால் தொழிலில் அது சகஜம். பொன்னுரங்கம் கையை ஆட்டிக் கூப்பிட, பெரியதனம் முதல் ஆளாக ஓடினார் என்றால், அந்த மானக்கேட்டை எங்கே கொண்டு போய் வைப்பது? அதனால் மனுஷர் ரொம்ப நேரம் இருமினார். பிறகு அவரே வழி காட்டினார்.

"டேய் ரங்கம், நீ கைய ஆட்டுனத எல்லாரும்தான் பாத்தோம். பறவ மேல வுழுந்து புடுங்கிகினு இருந்துச்சி. அத்த வெரட்டத்தான் ஆட்டுன. அப்டித்தான? சூடத்த அணைச்சி அத்தச் சொல்லிடு. யாரு மேலயும் தப்பில்ல. படகுக்கும் ஒரு தபா மன்னிப்பு உண்டு."

"ஆமா நைனா, மாமா பறவையத்தான் வெரட்டுனாரு" என்று கருணாகரன் முந்திக்கொண்டான்.

தட்டில் சூடம் எரிந்தது. உள்ளங்கையால் அதை அடித்து அணைத்து, ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடல் அவனுடையது, கரை அவனுடையது, எஞ்சினும் அவனுடையது. பெண்கள் பக்கத்திலிருந்து மங்கை, "சொல்லித் தொலையேன்யா!" என்று கத்தினாள். அவள் குரல் உடைந்திருந்தது.

பொன்னுரங்கம் சூடத்தைப் பார்த்தான். குமாரவேலைப் பார்த்தான். தப்பித்தோம் என்று ஏற்கெனவே முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்தான். காக்கை விரட்டினவன்! இனி ஆயுசுக்கும் குப்பத்தில் அதுதான் பேர். எஞ்சின் ஓட்டினவன் இல்லை, காக்கை விரட்டினவன். அவன் உதடு பிதுங்கியது.

"காக்கா வெரட்ட எஞ்சின் எதுக்கு? கல்லு போதும்" என்றான். "நான் உங்களத்தான் கூப்ட்டேன். மீன் இல்லன்னு தெரிஞ்சேதான் கூப்ட்டேன். கூப்ட்டதும் ஓடியாந்தீங்கோ. அம்மாந் தூரத்துலருந்து, பெரியதனம் மொதக்கொண்டு, என் எஞ்சின் பின்னாடி ஓடியாந்தீங்கோ." சூடத்தை அடித்து அணைத்தான்.

அரிச்சந்திரன் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மை மேல் உள்ள பிரியத்தில் அவன் உண்மை சொல்லவில்லை. பொய்யில் அவனுக்கு மரியாதை போதவில்லை, அவ்வளவுதான்.

குமாரவேல் இருமவேயில்லை. எஞ்சின் படகுக்குக் கரை கிடையாது என்று தீர்ப்பாயிற்று. "உன்ன யாரும் தள்ளி வைக்கல. கட்டுமரத்துல வா, தொழில் பண்ணு" என்றார். அதுகூட அவர் பெருந்தன்மைதான்.

"கட்டையில குந்த மாட்டேன்" என்றான் பொன்னுரங்கம். சொன்னது சொன்னதுதான். அதற்கப்புறம் அவன் கால் கடல் தண்ணீரில் படவில்லை.

எஞ்சினைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு டோல்கேட்டுக்குப் போனான். அய்யாத்துரை அதை உள்ளே இறக்கச் சொன்னார். மில் எஞ்சின் அந்தச் சமயம் பார்த்துப் படுத்திருந்தது. இதை மாட்டினார்கள். எண்ணெய் குடித்த எஞ்சின் எண்ணெய் ஆட்ட ஆரம்பித்தது. அதை ஓட்டுகிற வேலை பொன்னுரங்கத்துக்கு. மில்லில் வேலை பார்த்தவர்களையும் அவன் விடவில்லை; செக்கு மாட்டுக்கு நிஜார் மாட்டின மாதிரி இருக்கிறார்கள் என்றான். ஆனால் மத்தியானம் மில்லை நிறுத்தினதும், கடல் பக்கத்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சோறு தின்பான்.

ஐம்பதுகள் முடிகிற சமயத்தில் சர்க்கார் எஞ்சின் படகு கொடுக்க ஆரம்பித்தது. எஞ்சின் வந்தால் மீன் ஓடிவிடும் என்று சொன்னவர்கள், படகு வாங்க வரிசையில் அடித்துக்கொண்டார்கள். குப்பத்துக்கு வந்த முதல் படகு யாருக்கு? வேறு யாருக்கு, குமாரவேலுக்குத்தான்! மாலை, தேங்காய், மேளம், மைக் செட் என்று அமர்க்களம். அந்தப் படகு மீனை ஏலம் எடுக்கப் போகிறவர்களில் மங்கையும் ஒருத்தி. வரமாட்டேன் என்றவனை அவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

பொன்னுரங்கம் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். தலை நரைத்துவிட்டது, நிஜார் மட்டும் அதே காக்கி. டீசல் வாசனை லேசாக வந்தது. ஊதுவிளக்கு இல்லை, ஈரல் இல்லை, நாற்றம் இல்லை; திருகினார்கள், எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூட்டம் மொத்தமும் தோள் கொடுத்துத் தள்ளியது. படகு அலையை ஏறித் தாண்டி நேராகப் போயிற்று. கரையில் ஒரே கைதட்டல்.

"நல்லாத்தான் போவுது இல்ல?" என்றாள் மங்கை, அவன் முகத்தைப் பாராமல்.

அவன் படகைப் பார்க்கவில்லை. படகுக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தமாகக் கிடந்தது வானம். அவன் உதட்டைப் பிதுக்கப் பார்த்தான், உதடு நடுங்கியது.

"ஒரு காக்கா கூட பின்னாடி போவல" என்றான். "இன்னா எஞ்சின்டி இது."